பத்தரை மணிப் புறா

வயிற்றுப்போக்கு வந்தால் மனிதர்கள் வெளியே சொல்ல வெட்கப்படுவார்கள். வலியுல்லாவுக்கு அந்த வெட்கம் போதாது. தன் புறாவுக்கு வந்த வயிற்றுப்போக்கை அவர் நேராக அரசாங்கத்திடம் போய்ச் சொன்னார். பிறகு நடந்த அத்தனைக்கும் அதுதான் காரணம். வேறு யாரையும் குறை சொல்ல முடியாது.

வலியுல்லா குடியிருந்தது மீர்சாகிப்பேட்டையில். பாண்டிபஜாரில் ஒரு தையல் கடையில் கட்டிங் மாஸ்டர். அது எழுபத்தொன்பதாம் வருஷம். பையன்கள் போடும் பேண்ட்டின் கால் அகலம் மாதத்துக்கு மாதம் கூடிக்கொண்டே போன காலம் என்பதால் அவருடைய கத்திரிக்கோலுக்கு ஓய்வே கிடையாது. கடையை விட்டால் அவருக்கு மொட்டைமாடி. அங்கே பதினோரு ஹோமர் புறாக்கள் வைத்திருந்தார். ஹோமர் என்பது எங்கே கொண்டுபோய் விட்டாலும் வீட்டுக்குத் திரும்பிவிடும் சாதி. காலையில் நெல்லூரில் திறந்துவிட்டால் மத்தியானத்துக்குள் மாடியில் வந்து இறங்கிவிடும்.

அந்தப் பதினொன்றில் அவருக்கு உயிர், பேகம். ஒரு பொட்டுக் கறுப்பு இல்லாத வெள்ளை. பிப்ரவரி கடைசியில் பேகமும் அவள் ஜோடி நவாபும் இரண்டு குஞ்சு பொரித்தார்கள். புறாக் குடும்பத்தில் வேலைப் பங்கீடு கண்டிப்பானது. காலை பத்து மணி வாக்கில் ஆண் வந்து குஞ்சுகளின் மேல் உட்காரும்; சாயங்காலம் எழுந்து போய்விடும். அதற்குப் பிறகு மறுநாள் காலை வரை பெண்தான். அவள் வராவிட்டால் ராத்திரிக் குளிரில் குஞ்சு விறைத்துப் போகும். இறகு முளைக்காத, கண் திறக்காத பிண்டங்கள் அவை.

குஞ்சு பொரித்த மூன்றாம் நாள் பேகத்தின் எச்சம் பச்சைத் தண்ணீராகப் போயிற்று.

"பூண்டு தட்டிப் போடுங்க. ரெண்டு மூணு நாள்ல தானா சரியாயிடும்" என்றாள் அவர் மனைவி ஜமீலுன்னிசா.

வலியுல்லா கேட்கவில்லை. லஸ் பஸ் ஸ்டாப்பில் ஒரு சுவரொட்டியைப் பார்த்திருந்தார். 'உங்கள் பறவைக்குப் பேதியா? உடனே தெரிவியுங்கள். தெரிவிக்காதவர்கள் தண்டிக்கப்படுவார்கள். இப்படிக்கு, புள்ளினப் பேதி ஒழிப்பு வாரியம்.' தண்டனை என்ற சொல்லைப் படித்ததிலிருந்து அவருக்குப் பூண்டின்மேல் இருந்த நம்பிக்கை போய்விட்டது. அரை நாள் லீவு சொல்லிவிட்டு அடையாறுக்கு பஸ் ஏறினார்.

வாரியம் காந்தி நகரில் ஒரு வாடகை பங்களாவில் இருந்தது. நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு பெரிய மனிதர் வீட்டுக் கோழி பேதியில் செத்தபோது அவசர அவசரமாக ஆரம்பிக்கப்பட்டது. அந்தக் கோழிக்குப் பிறகு ஒரு பறவையும் அந்தப் பக்கம் வந்ததில்லை. பதினாலு பேர் வேலை பார்த்தார்கள். ஒவ்வொரு மார்ச் மாதமும் வாரியத்தை மூடப் போகிறார்கள் என்று செய்தி வரும், பதினாலு பேரும் பதினாலு கோயிலுக்கு வேண்டிக்கொள்வார்கள், ஏப்ரல் பிறந்துவிடும். இப்படியே ஓடிக்கொண்டிருந்தது.

வாசலில் உட்கார்ந்திருந்த கடைநிலை ஊழியர் இசக்கிமுத்து, திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். வலியுல்லா விஷயத்தைச் சொன்னதும் முக்காலியை விட்டு எழுந்து நின்றார்.

"பேதியா? நெசமாவே பேதியா? பாய், சும்மா வெளையாட்டுக்குச் சொல்லுதீரா?"

"இதுல இன்னாப்பா வெளையாட்டு. பச்சத் தண்ணியா போய்க்கினு கீது."

இசக்கிமுத்து உள்ளே ஓடினார். உள்ளே நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. யாரோ யாரையோ தட்டி எழுப்பினார்கள்.

இயக்குநர் கனகராஜ் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டார். எதையும் அச்சடித்த மாதிரியே பேசுகிறவர். மனைவியிடம் தண்ணீர் கேட்பதாயிருந்தாலும் 'பார்வையில் காணும் சொம்பை' என்றுதான் ஆரம்பிப்பார் என்று அலுவலகத்தில் பேச்சு.

"எச்சம் மூன்று பிரதிகளில் வேண்டும். மூன்றிலும் கெஜட்டட் அதிகாரியின் சான்றொப்பம் இருக்க வேண்டும்."

"மூணு பிரதியா? சார், அது ஒரு தபா போனா ஒண்ணுதானே போவும்."

"ஒன்று கோப்புக்கு. ஒன்று ஆய்வுக்கு. மூன்றாவது தணிக்கைக்கு."

"தணிக்கைக்காரங்க அத்த வெச்சிக்கினு இன்னா சார் பண்ணுவாங்க?"

"அதைக் கேட்கும் அதிகாரம் எனக்கு வழங்கப்படவில்லை" என்றார் கனகராஜ்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மூன்று மூக்குப்பொடி டப்பாக்களைக் கழுவி, காயவைத்து, சரக்கை நிரப்பிக்கொண்டு வலியுல்லா கோபாலபுரத்துக்குப் போனார். அங்கே வெள்ளைத்துரை என்று ஒரு தலைமையாசிரியர் குடியிருந்தார். அரசாங்கப் பள்ளி, பச்சை மையில் கையெழுத்துப் போடும் தகுதி உள்ளவர். அவருக்கு நாலு கால்சட்டை தைத்த பழக்கம் வலியுல்லாவுக்கு உண்டு.

வெள்ளைத்துரை மூன்று டப்பாக்களையும் திறந்து பார்த்தார், மூடினார். நேர்மையான மனிதர்.

"நகல் மூணும் சரி. அசல் எங்கே? அசலைப் பார்க்காம நான் எதுலயும் கையெழுத்துப் போட மாட்டேன். இருபத்தாறு வருஷ சர்வீஸ்ல போட்டதில்லை."

வலியுல்லா திரும்பி வீட்டுக்குப் போனார். பத்து மணிக்கு நவாப் குஞ்சுகளிடம் வந்து உட்கார்ந்ததும் பேகத்தைக் கம்பிக் கூடையில் வைத்து எடுத்துவந்து தலைமையாசிரியரின் மேஜைமேல் விட்டார். இருவரும் காத்திருந்தார்கள். காப்பி வந்தது. வெள்ளைத்துரை பேப்பரில் ஒரு பக்கம் படிப்பார், பேகத்தைப் பார்ப்பார், அடுத்த பக்கம் திருப்புவார். பத்து ஐம்பதுக்கு, ஒன்பதாம் வகுப்புப் பூகோள விடைத்தாள் கட்டின்மேல் அசல் வந்தது. அவர் குனிந்து பார்த்து, டப்பாக்களோடு ஒப்பிட்டு, 'அசலுடன் ஒத்திருக்கிறது, நேரில் கண்டேன்' என்று மூன்றிலும் எழுதி, தேதி போட்டு, ரப்பர் முத்திரை குத்தினார்.

திங்கட்கிழமை பதினோரு மணிக்கு டப்பாக்களும் பேகமும் வாரியத்துக்குப் போய்ச் சேர்ந்தன. கனகராஜ் ஓர் இங்கிலீஷ் பத்திரிகையைப் பிரித்து வைத்துக்கொண்டார். வெளிநாட்டில் வான்கோழிக் குஞ்சுகளின் பேதியில் புதிதாக ஒரு வைரஸைக் கண்டிருக்கிறார்களாம். வண்டிச் சக்கரம் போல் வட்டமாக இருக்குமாம். ரோட்டா வைரஸ் என்று பெயர். அந்தப் படத்தைப் பார்த்தார். பிறகு, கையெழுத்து சரிபார்க்க வைத்திருந்த பூதக்கண்ணாடியால் டப்பாவைப் பார்த்தார்.

"அந்தக் கண்ணாடில தெரியுமா சார்?"

"தெரியாது. பல்லாயிரம் மடங்கு பெரிதாக்கும் கருவி வேண்டும். அது நம்மிடம் இல்லை. இந்த வைரஸ் சாதாரணக் கண்ணாடிக்குத் தெரியாது என்று பத்திரிகையில் தெளிவாகப் போட்டிருக்கிறது. நான் பார்த்தேன். தெரியவில்லை. ஆக, சரியாகப் பொருந்துகிறது."

அலுவலகம் முழுக்கக் கைதட்டியது. யாரோ ஓடிப்போய் அரைக் கிலோ மைசூர்பாகு வாங்கிவந்தார்கள். பதினாலு பேரும் வலியுல்லாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். ஒரு கிளார்க்கம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உங்களாலதான் சார் இந்த வருஷம் நாங்க பொழச்சோம்" என்றார். வலியுல்லா வாயில் மைசூர்பாகுடன் தலையாட்டினார். புறாவுக்கு மருந்து ஏதாவது தருவார்கள் என்று அவர் இன்னும் நம்பிக்கொண்டிருந்தார்.

"மருந்து கிடையாது" என்றார் கனகராஜ். "இதற்கு மருந்து இருப்பதாகப் பத்திரிகையில் இல்லை. பறவையை வாரியம் தன் பாதுகாப்பில் எடுத்துக்கொள்ளும். நீங்கள் போகலாம்."

"சார், அதுக்கு வீட்ல ரெண்டு குஞ்சி கீது. அஞ்சி நாள் குஞ்சி. சாயங்காலம் தாய் போவலேன்னா செத்துப் பூடும்."

"குஞ்சுகளைப் பற்றி மனுவில் குறிப்பிடவில்லையே. குறிப்பிடாத குஞ்சுகள் எப்படிச் சாகும்?"

வலியுல்லா வெறும் கூடையோடு வீட்டுக்கு வந்தார். ஒரு வெல்லப் பெட்டியில் பஞ்சு பரப்பி, நாற்பது வாட் பல்பு ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டுக் குஞ்சுகளுக்குச் சூடு கொடுக்க ஏற்பாடு செய்தார். நவாப் ஐந்து மணிக்கு எழுந்து போய்விட்டது. ஜமீலுன்னிசா பல்பின் ஒயரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள். ஐந்தேகால் இருக்கும், தலைக்கு மேலே இறக்கைச் சத்தம் கேட்டது. பேகம் வந்து இறங்கி, பல்பை ஒரு பார்வை பார்த்துவிட்டு, குஞ்சுகளின் மேல் போய் உட்கார்ந்தாள்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு இசக்கிமுத்து வந்துவிட்டார். தலைகூட வாரவில்லை.

"தண்ணி வைக்கணும்னு தொறந்தேன் பாய். கண்ண மூடித் தொறக்கதுக்குள்ள போயிட்டா. கூண்டுல இருக்குன்னு பதிவேட்டுல கையெழுத்துப் போட்டிருக்கேன். மூணு பொட்டப் பிள்ள வச்சிருக்கேன். என் வேலைக்கு உலை வச்சிராதீரும்."

"நானு இன்னா பண்றது? குஞ்சிக்கு யாரு பதில் சொல்றது?"

"பகல்ல மட்டும் கொண்டாந்து விடும். அஞ்சு மணிக்கு நானே தொறந்து விட்டிருதேன்."

இதில் ஆச்சரியம் என்னவென்றால், நவாபின் முறையும் அரசாங்க அலுவலக நேரமும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. பத்து மணிக்கு நவாப் கூட்டில் உட்காரும். பேகம் கூடையில் ஏறுவாள். வலியுல்லா பஸ் பிடிப்பார். பத்தரைக்கு வாரியம். ஐந்து மணிக்கு இசக்கிமுத்து கூண்டைத் திறப்பார். பேகம் வீட்டுக்குக் கிளம்புவாள். கூடவே பதினாலு ஊழியர்களும் கிளம்புவார்கள். அவர்களில் நேராக வீட்டுக்குப் போனது பேகம் ஒருத்திதான்.

நாலாம் நாள் இது இயக்குநருக்குத் தெரிந்துவிட்டது. இசக்கிமுத்து காலில் விழத் தயாராக நின்றார். ஆனால் கனகராஜ் கோபப்படவில்லை. விதிப்புத்தகத்தைப் புரட்டினார். நோயுற்ற பறவை அலுவலக நேரத்தில் அலுவலகத்தில் இருக்க வேண்டும் என்று இருந்தது. அலுவலகம் மூடிய பிறகும் இருக்க வேண்டும் என்று எங்கும் இல்லை. அவருக்குத் திருப்தி. உடனே வருகைப் பதிவேட்டில் பதினைந்தாவதாக ஒரு வரி சேர்க்கச் சொன்னார். பெயர், பேகம். பதவி, நோயாளி, தற்காலிகம்.

இதற்குப் பிறகு கஷ்டம் வலியுல்லாவுக்கு. பஸ் என்றைக்கு நேரத்துக்கு வந்திருக்கிறது? கண்டக்டர்கள் வேறு, கூடைக்கு லக்கேஜா, ஆளுக்கு டிக்கெட்டா என்று மயிலாப்பூர் குளம் வரைக்கும் வாதாடிக்கொண்டு வருவார்கள். மூன்று நாள் தொடர்ந்து பத்தே முக்காலுக்குப் போனதில் பேகத்துக்கு அரை நாள் விடுப்பு வெட்டப்பட்டு, ஒரு மெமோவும் கொடுக்கப்பட்டது. 'தாங்கள் பறக்கும் திறன் பெற்றிருந்தும் தாமதமாக வருவது ஏன் என்பதை மூன்று தினங்களுக்குள் விளக்கவும்.'

வலியுல்லா கடையில் பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் விளக்கம் எழுதினார். ஹோமர் வீட்டுக்கு மட்டும்தான் தானாகப் பறக்கும், ஆபீசுக்குத் தானாகப் போகாது, அது அதன் பிறவிக் குணம் என்று எழுதி, கீழே பேகத்தின் வலது காலை மையில் தோய்த்துப் பதித்தார். கனகராஜ் அதைப் படித்துவிட்டு, 'இக்குணம் ஊழியர் அனைவருக்கும் பொதுவானது. மன்னிக்கப்பட்டது' என்று ஓரத்தில் குறிப்பெழுதினார்.

இந்தக் கூத்துக்கு நடுவில், வாரியம் ஒன்றுமே செய்யாமலிருந்ததால், பேகத்துக்கு உடம்பு தேறிவிட்டது. எச்சம் இறுகி, மேலே வெள்ளையும் அடியில் கறுப்புமாக ஒழுங்காக விழுந்தது. குஞ்சுகள் கண் திறந்து, மஞ்சள் மயிரோடு கத்தித் தீர்த்தன. வலியுல்லாவுக்குத் தலைகால் புரியவில்லை. கடையில் ஒரு வாடிக்கையாளருக்கு அளவெடுக்கும்போது காரணமில்லாமல் சிரித்தார். அன்றைக்கே வாரியத்துக்குப் போய், "சார், பேகத்துக்கு சரியாயிடுச்சி. இனிமே நீங்க விட்டுட்லாம்" என்றார்.

அலுவலகத்தில் டைப் அடிக்கும் சத்தம் நின்றது. கிளார்க்கம்மா வாயைப் பொத்திக்கொண்டார்.

"குணமாகிவிட்டதா?" என்றார் கனகராஜ். "யாருடைய அனுமதியின் பேரில்?"

"தானா ஆயிடுச்சி சார்."

"நோயை உறுதிசெய்த ஆணை இன்னும் மேலிடத்திலிருந்து வரவே இல்லை. நோய் வருவதற்கு முன்னால் குணம் வந்தால் கோப்பில் எந்தப் பக்கத்தில் வைப்பது?" விதிப்புத்தகத்தை எடுத்தார். "உட்காருங்கள். நீங்கள் நல்ல மனிதர், அதனால் சொல்கிறேன். விதி பதினேழு. குணமடைந்த பறவை நோயை ரகசியமாகக் கடத்தும். ஆகவே அது உடனடியாக அழிக்கப்பட வேண்டும். நோயாக இருக்கும்வரை அரசாங்கம் அதைக் காப்பாற்றும். குணமாகிவிட்டால் எங்களால் ஒன்றும் செய்ய முடியாது."

வலியுல்லாவுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும், "சார், அதுக்கு பேதி இன்னும் கீது. நானு பொய் சொன்னேன்" என்றார். வாழ்க்கையில் அவர் சொன்ன முதல் பொய் அது. அதையும், முன்னால் சொன்ன உண்மையைப் பொய்யென்று சொல்லிச் சொன்னார். பதினாலு ஊழியர்களும் ஏக்கத்தோடு கூண்டைப் பார்த்தார்கள். பேகம் அந்த நேரம் பார்த்துக் கெட்டியாக ஒன்று போட்டாள்.

கனகராஜின் மூளை அதற்குள் வேறு பக்கம் ஓடிவிட்டது. ஒரு வாரியத்தின் பெயரில் ஒழிப்பு என்று இருந்து, உண்மையிலேயே ஒன்றை ஒழித்ததாக நாட்டில் சரித்திரம் இல்லை. கடைசி நோயாளியை அழித்து, விழா எடுத்து, ஒழித்துவிட்டோம் என்று அறிவித்தால் பெரிய இலாகா ஏதாவது ஒன்றுக்குத் தன்னைத் தூக்கிப் போடாமல் இருப்பார்களா? மார்ச் இருபத்தெட்டாம் தேதி பேதி ஒழிப்பு நிறைவு விழா என்று அழைப்பிதழ் அச்சாயிற்று. மாலை நாலு மணி. நிகழ்ச்சி நிரலில் ஆறாவது, பறவை அழிப்பு. ஏழாவது, தேநீர்.

அன்றிலிருந்து கூண்டுக்குப் பூட்டு. பூட்டின்மேல் அரக்கு முத்திரை. சாவி இயக்குநரின் பையில். ஐந்து மணிக்கு இசக்கிமுத்து கூண்டின் முன்னால் கைகட்டி நின்றார். பேகம் கம்பியில் மாரை முட்டிக்கொண்டு வெளியே பார்த்தாள்.

வீட்டில் நவாப் மாடிச் சுவரில் இங்கும் அங்கும் நடந்து கூவியது. குஞ்சுகள் ஓரளவு வளர்ந்துவிட்டதால் பல்புச் சூட்டில் தாக்குப்பிடித்தன. வலியுல்லா கடலையை ஊறவைத்து, ஒவ்வொன்றாக அவற்றின் வாயில் தள்ளினார்.

"நானேதான் கூடைல வெச்சி தூக்கினு போனேன், ஜமீலா" என்றார். "வேற யாரும் பண்ல. நானேதான்."

ஜமீலுன்னிசா சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் குஞ்சு ஒன்றை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். "நல்லது பண்றாங்கன்னு நம்பி போனீங்க. நம்பினது ஒரு தப்பா?" என்றாள். வலியுல்லாவால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. குஞ்சுகளுக்கு முன்னால் உட்கார்ந்து அழுதார்.

இருபத்தெட்டாம் தேதி பங்களாத் தோட்டத்தில் ஷாமியானா போட்டார்கள். வலியுல்லாவுக்கும் முன்வரிசையில் ஒரு நாற்காலி. பறவையின் உரிமையாளர் என்ற முறையில் அழிப்புப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும். மேடை ஓரத்தில் கால்நடை டாக்டர் ஒருவர் ஊசியோடு உட்கார்ந்து, சீக்கிரம் முடித்தால் தேவலை என்பது போல் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சிறப்பு விருந்தினர் வைரவன். ஓய்வுபெற்ற பெரிய அதிகாரி, ஒன்பது குழுக்களின் தலைவர். ஒரு நாளைக்கு மூன்று விழாவுக்குக் குறைந்து போனால் அவருக்குத் தூக்கம் வராது. அன்று காலையில் அசோக் நகரில் ஒரு தண்ணீர்த் தொட்டி, மத்தியானம் தி. நகரில் ஒரு கண்காட்சி, இங்கே மூன்றாவது. எந்த விழா என்று காரில் வரும்போது டிரைவரைக் கேட்டுத் தெரிந்துகொள்வது வழக்கம். டிரைவர் அன்றைக்கு, "பறவை சம்பந்தமா ஏதோங்கய்யா" என்று மட்டும் சொல்லியிருந்தார்.

கனகராஜ் வரவேற்புரை ஆற்றினார்.

"நாலாண்டுகளுக்கு முன் இந்த வாரியம் தொடங்கப்பட்டபோது தமிழ்நாட்டில் எத்தனை பறவைகளுக்குப் பேதி இருந்தது என்று யாருக்கும் தெரியாது. இன்றும் தெரியாது. அந்த நிலையை நாங்கள் உயராமல் காத்து வந்திருக்கிறோம். இந்த ஒரு பறவைக்காகப் பதினான்கு பேர் இரவு பகலாக, அதாவது பகலாக, உழைத்திருக்கிறோம். நோய் எங்களைக் கண்டதும் ஓடிவிட்டது. ஆனால் விதி ஓடாது. விதி பதினேழு எங்களிடமே இருக்கிறது."

கைதட்டல் எழுந்தது. இன்னும் நாலு பேர் பேசினார்கள். நாலு பேரும் ஒருவரையொருவர் பாராட்டிக்கொண்டார்கள். ஆறாவது நிகழ்ச்சி வந்தது. கனகராஜ் அரக்கை உடைத்துப் பூட்டைத் திறந்தார். இசக்கிமுத்து பேகத்தைக் கையில் ஏந்திக்கொண்டு மேடையேறினார். வலியுல்லா நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார்.

பேச்சுகளுக்கு நடுவே மேடையில் தூங்கிப்போயிருந்த வைரவன் கண் விழித்தார். எதிரே ஷாமியானா, மைக், மாலை, போட்டோகிராபர், ஒரு வெள்ளைப் புறா. முப்பது வருஷப் பழக்கம். விழா மேடையில் வெள்ளைப் புறாவைக் கொண்டுவந்தால் என்ன செய்ய வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எழுந்து, வேட்டியைச் சரிசெய்துகொண்டு, இரண்டு கையையும் நீட்டினார்.

இசக்கிமுத்து ஒரு விநாடி இயக்குநரைப் பார்த்தார். பெரியவர் கேட்கிறார், கொடுக்காமல் இருக்க முடியுமா? கொடுத்துவிட்டார். டாக்டர் ஊசியோடு எழுந்து, மறுபடியும் உட்கார்ந்தார். வைரவன் போட்டோகிராபர் பக்கம் திரும்பி, சிரித்து, மூன்று எண்ணும் நேரம் நின்றார். பிறகு பேகத்தை ஆகாயத்தில் விட்டார்.

ஷாமியானாவின் ஓரத்தைத் தாண்டி, மாமரத்துக்கு மேலே ஏறி, ஒரு வட்டம் போட்டு, பேகம் வடக்கே திரும்பினாள். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. பழக்கதோஷத்தில் கனகராஜும் தட்டினார். பாதியில் அவருக்கு நினைவு வந்தது. ஆனால் சிறப்பு விருந்தினர் தட்டிக்கொண்டிருக்கும்போது எப்படி நிறுத்துவது?

வலியுல்லா கண்ணைத் திறந்தபோது கூண்டு காலி. என்ன நடந்தது என்று பக்கத்து நாற்காலிக்காரரைக் கேட்டார். அவர் சொன்னதும், செருப்பைக்கூட மாட்டாமல் பஸ் ஸ்டாப்புக்கு ஓடினார். தேநீர் அவருக்காக ஆறிக்கொண்டிருந்தது.

மாடிக்கு மூச்சிரைக்க ஏறியபோது பேகம் குஞ்சுகளின் வாய்க்குள் தன் அலகை நுழைத்து ஊட்டிக்கொண்டிருந்தாள். நவாப் சுற்றிச் சுற்றி வந்து கழுத்தை உப்பிக் கூவியது. ஜமீலுன்னிசா கிண்ணத்தில் கம்பு கொண்டுவந்து வைத்தாள். கணவரின் வெறுங்காலைப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

வாரியத்தில் யாருக்கும் சிரிப்பு வரவில்லை. மூன்று நாள் கதவைச் சாத்திக்கொண்டு ஆலோசித்தார்கள். பறவை அழிக்கப்பட்டது என்று எழுதினால் பேப்பரில் வந்த போட்டோ அதைப் பொய்யாக்கிவிடும். பறக்கவிடப்பட்டது என்று எழுதினால் விட்டவர் பெயரையும் எழுத வேண்டும். கடைசியில், 'கடைசி நோய்ப் பறவை தலைமறைவாகியுள்ளது' என்று எழுதினார்கள். தலைமறைவான பறவையைக் கண்டுபிடிக்கும்வரை வாரியத்தை மூடுவது பொதுநலனுக்கு விரோதம் என்று மேலிடம் உணர்ந்தது. ஐந்து வருஷ நீட்டிப்பு கிடைத்தது. மயிலாப்பூர், தி. நகர், அடையாறு மூன்றிலும் தேடுதல் முகாம்கள். இசக்கிமுத்துவுக்கு ஒரு பைனாக்குலரும் வான் கண்காணிப்பாளர் என்ற பதவியும் வந்தன.

வலியுல்லா பயந்து செத்தார். ஹோமர் வீட்டுக்குத்தான் வரும் என்று அவரே எழுத்துமூலம் விளக்கம் கொடுத்திருக்கிறார். காலடி முத்திரையோடு அது கோப்பில் இருக்கிறது. மூன்று வாரம் பேகத்தைக் கூட்டுக்குள்ளேயே அடைத்து வைத்தார். குஞ்சுகள் சிறகு முளைத்து மாடியைச் சுற்ற ஆரம்பித்தன. தாய் உள்ளே கிடந்து கதவைக் கொத்தினாள். அடைத்து வைப்பதற்கு வாரியம் போதாதா, நாம் வேறு வேண்டுமா என்று ஜமீலுன்னிசா ஒரு நாள் கேட்டுவிட்டுக் கதவைத் திறந்துவிட்டாள்.

அதே வாரத்தில், ஒரு மாலை நாலரை மணிக்கு, இயக்குநர் கனகராஜ் கையில் கோப்போடு மாடிப்படி ஏறி வந்தார்.

பதிமூன்று புறாக்களும் வெளியே இருந்தன. எதையும் மறைக்க நேரமில்லை.

"வெள்ளையாக ஒன்று இருக்கிறதே" என்றார் கனகராஜ்.

"அதான் சார் பேகம்" என்றார் வலியுல்லா. பொய் அவருக்கு ஒரு தடவைக்குமேல் வரவில்லை. பின்னால் நின்ற ஜமீலுன்னிசா தலையில் கைவைத்துக்கொண்டாள்.

கனகராஜ் பேகத்தை வெகுநேரம் பார்த்தார். முதல் தடவையாக அவர் குரல் அச்சடித்த மாதிரி இல்லாமல் வந்தது.

"இத பாருங்க வலியுல்லா. அது பேகமா இருந்தா வாரியத்த நாளைக்கே மூடிடுவாங்க. பதினாலு குடும்பம் தெருவுல நிக்கும். எனக்கு ஐம்பத்தாறு வயசு. இனிமே எவன் எனக்கு வேலை குடுப்பான்? அது பேகமா இருக்க முடியாது. புரியுதா? தயவுசெஞ்சு இருக்கக்கூடாது."

"அப்போ அத்த எதுவும் பண்ண மாட்டீங்களா சார்?"

"காணாம போன புறாவ நான் என்ன பண்ண முடியும்?"

வலியுல்லாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். பேகம் சுவரிலிருந்து எழுந்து இரண்டு தடவை இறக்கையடித்து, இயக்குநரின் இடது தோள்மேல் வந்து உட்கார்ந்தாள். கனகராஜ் அசையவில்லை. அவள் விழுந்துவிடாதபடி தோளை நேராக வைத்துக்கொண்டு, கோப்பைப் பிரித்து, 'மீர்சாகிப்பேட்டை முழுவதும் நேரில் தேடப்பட்டது. பறவை கிடைக்கவில்லை' என்று எழுதினார். சாட்சிக் கையெழுத்துக்காக வலியுல்லாவிடம் நீட்டினார். அவர் போட்டார்.

கீழே தெருவில் இசக்கிமுத்து பைனாக்குலரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நின்றார்.

"சார், மேல ஏதாச்சும் தட்டுப்படுதா?" என்று குரல் கொடுத்தார்.

கனகராஜ் கைப்பிடிச் சுவரோரம் போய், தோளில் புறாவோடு எட்டிப் பார்த்தார்.

"இங்கே ஒன்றும் இல்லையப்பா" என்றார். "நீ வானத்தையே பார்த்துக்கொண்டிரு."